கைப்பின்னல் காலுறை: திசைக்கு முன் குதிகாலை முடிவு செய்யுங்கள்

காலுறை பின்ன உட்காருபவர் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: மேல்விளிம்பிலிருந்து கீழே இறங்குவதா, விரல் நுனியிலிருந்து மேலே ஏறுவதா? இரண்டுக்கும் உறுதியான ஆதரவாளர்கள் உண்டு. ஆனால் எந்தத் திசையில் பின்னியது என்பது பாதத்துக்குத் தெரியாது. குதிகால் பை ஆழம் போதாமல் இழுக்கிறதா, புறங்காலில் குறுக்கே ஒரு பட்டை போல் இறுக்குகிறதா, விரல் முனையில் ஏதாவது உறுத்துகிறதா என்பதுதான் தெரியும். முதல் இரண்டையும் தீர்மானிப்பது குதிகாலின் அமைப்பு. ஆகவே குதிகாலை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டால் திசை, ஊசி பற்றிய பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே வந்துவிடும். இந்த ஒப்பீடும் அந்த வரிசையில்தான் போகிறது.

அளவெடுப்பு: மூன்று எண்கள்

முன்பாதத்தின் மிக அகலமான இடத்தின் சுற்றளவு ஒன்று. நின்ற நிலையில் எடுத்த பாத நீளம் இரண்டு. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: குதிகாலின் கீழ்ப்பின் முனையிலிருந்து புறங்காலும் கணைக்காலும் சேரும் மடிப்பு வரை சாய்வாகச் சுற்றி எடுக்கும் அளவு. இதைக் குறுக்குச் சுற்று என்று வைத்துக்கொள்வோம். காலுறையைப் போடும்போது துணி அதிகம் விரிய வேண்டிய இடம் இதுதான். முன்பாதம் 22 செ.மீ., குறுக்குச் சுற்று 30 அல்லது 31 செ.மீ. என்றால் நடுத்தரமான கால். அதே முன்பாதத்துக்குக் குறுக்குச் சுற்று 33 செ.மீ.யைத் தாண்டினால் உயர்ந்த புறங்கால் என்று கொள்ளுங்கள். எந்தக் குதிகால் பொருந்தும் என்பதை அந்த ஒரு எண் சொல்லிவிடும்.

காலுறை காலைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். சுற்றளவில் சுமார் 10 சதவீதம் குறைப்பது நல்ல தொடக்கம். 22 செ.மீ. பாதத்துக்கு 20 செ.மீ. துணி. உங்கள் கேஜ், அதாவது துணியில் கண்ணிகளின் அடர்த்தி, 10 செ.மீ.க்கு 32 கண்ணி என்றால் 64 கண்ணிகள். நீளத்தில் 1 முதல் 1.5 செ.மீ. குறையுங்கள், 24 செ.மீ. பாதத்துக்கு 22.5 செ.மீ. காலுறை. சரியான அளவிலேயே பின்னியது முதல் நாள் சுகமாக இருக்கும். ஒரு மணி நேரம் நடந்ததும் உள்ளங்காலில் சுருண்டு மடியும், அந்த மடிப்பு கொப்புளமாகும். தொளதொளப்புதான் வசதி என்று எண்ணுவது காலுறை விஷயத்தில் பொருந்தாது.

கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த 64 கண்ணிக் காலுறைக்கானவை. உங்கள் எண்ணிக்கை வேறானாலும் விகிதம் மாறாது.

குதிகால்: மூன்று வழிகள்

மடலும் கஸெட்டும் சேர்ந்த குதிகால்தான் பழைய, நம்பகமான வழி. 64இல் பாதியான 32 கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி ஒரு சதுர மடல் செய்கிறோம். வெளிப்பக்க வரிசையில் ஒன்றைப் பின்னாமல் நகர்த்தி அடுத்ததை நிட் (நேர்ப்பின்னல்) செய்வது, மறுபக்க வரிசையில் முதல் கண்ணியை நகர்த்திவிட்டு மீதியைப் பர்ல் (எதிர்ப்பின்னல்) செய்வது. இப்படி 32 வரிசைகள். நகர்த்திய கண்ணிகளின் பின்னால் நூல் ஓடுவதால் மடல் இரட்டைத் தடிமன் பெறும். செருப்பின், ஷூவின் பின்விளிம்பு உரசும் இடம் அதுதான் என்பதால் இந்தத் தடிமன் வெறும் அழகுக்கில்லை.

பிறகு குதிகாலைத் திருப்புவது. ஒன்றை நகர்த்தி, 16 நிட், இடப்பக்கம் சாயும் குறைப்பு ஒன்று, 1 நிட், திருப்பு. மறுபக்கம் ஒன்றை நகர்த்தி, 3 பர்ல், இரண்டைச் சேர்த்து ஒரு பர்ல், மேலும் 1 பர்ல், திருப்பு. அதன்பின் ஒவ்வொரு வரிசையிலும் முதலாவதை நகர்த்தி, இடைவெளிக்கு ஒரு கண்ணி முன்பு வரை பின்னி, இடைவெளியின் இருபுறக் கண்ணிகளையும் சேர்த்துக் குறைத்து, இன்னொன்று பின்னித் திருப்புங்கள். எல்லாக் கண்ணிகளும் தீரும்போது 18 மிஞ்ச வேண்டும். 18 வரவில்லை என்றால் முதல் இரண்டு வரிசைகளில் எண்ணிக்கை பிசகியிருக்கிறது; மேலே போகாமல் அங்கேயே அவிழ்த்துப் பார்ப்பதே குறுக்குவழி.

மடலின் இரு ஓரங்களிலும் 16 சங்கிலிக் கண்கள் நிற்கும். அவற்றில் 16 எடுத்து, புறங்காலுடன் சேரும் மூலையில் கூடுதலாக ஒன்று. ஆக, 18, 17, 17, புறங்கால் 32, மொத்தம் 84. உள்ளங்கால் பக்கத்தில், புறங்காலை ஒட்டிய இரு ஓரங்களிலும் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் ஒவ்வொன்றாகக் குறைத்தால் 20 சுற்றில் 64க்குத் திரும்பிவிடும். அந்த முக்கோணம்தான் கஸெட். பாதம் அதிகம் தடித்திருக்கும் இடத்தில் 20 கண்ணிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன என்பதே இந்தக் குதிகாலின் முழுப் பலமும்.

மூலையில் ஓட்டை விழுவது இங்கே வழக்கமான புகார். மடலும் புறங்காலும் எதிரெதிராக இழுக்கும் இடம் அது. கூடுதல் கண்ணியை எடுத்து, அடுத்த சுற்றில் அதைப் பின்புறமாக முறுக்கிப் பின்னினால் ஓட்டை மூடும். அகலமாக வாய் திறந்து நிற்கும் கண்ணையே நேராக எடுத்துப் பின்னினால் ஓட்டை பெரிதாகும். அதன் பக்கத்திலுள்ள இறுக்கமான இழையைத் தூக்குங்கள்.

உயர்ந்த புறங்காலுக்கு இதைவிடச் சுலபமாகத் திருத்தக்கூடிய குதிகால் இல்லை. மடலை 36 வரிசையாக்குங்கள். ஓரத்துக்கு 18ம் மூலைக்கு ஒன்றும் எடுத்தால் மொத்தம் 88. குறைப்புச் சுற்றுகள் 10க்குப் பதில் 12. அவ்வளவுதான் மாற்றம். தட்டையான பாதத்துக்கு 28 வரிசையே போதும். கூடுதலாக விட்டால் கணுக்காலின் இரு பக்கமும் துணி பைபோல் தொங்கும்.

ஷார்ட் ரோ குதிகாலில் மடலும் இல்லை, கஸெட்டும் இல்லை. கடையில் வாங்கும் காலுறையின் குதிகால் போலவே தெரியும். 32 கண்ணிகளில் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணி முன்னதாகத் திரும்பி, இருபுறமும் 11 கண்ணிகளை நிறுத்திவிட்டு நடுவில் 10 மிஞ்சும்வரை வந்து, பிறகு அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டு போவது. பார்க்க நேர்த்தி, பின்னுவதும் விரைவு, எடுக்க வேண்டிய ஓரக் கண்ணிகள் எதுவும் கிடையாது. ஜெர்மன் ஷார்ட் ரோ முறையில், திரும்பிய உடனே முதல் கண்ணியை நூலால் மேலே இழுத்து இரட்டைக் காலாக நிறுத்துகிறோம். திரும்பி வரும்போது அந்த இரண்டு கால்களையும் ஒன்றாகப் பின்னிவிட்டால் போதும். நூலைச் சுற்றித் திருப்பும் பழைய முறையைவிட இது சுத்தமாக வருகிறது, எண்ணுவதும் எளிது.

ஆனால் இதன் பை ஆழம் குறைவு. உயர்ந்த புறங்கால் உள்ளவருக்கு இது கணுக்கால் மடிப்பில் கயிறு கட்டியதுபோல் இறுக்கும். நடக்க நடக்கக் குதிகால் உள்ளங்காலுக்கு நழுவும். இரண்டு திருத்தங்கள் வேலை செய்கின்றன. ஒன்று, குதிகாலைப் பாதிக் கண்ணிகளில் பின்னாமல் 60 சதவீதத்தில் பின்னுவது; 64இல் 38. இன்னொன்று, குதிகாலுக்கு முன் சில சுற்றுகளில் பக்கத்துக்கு 4 முதல் 6 கண்ணிகள் கூட்டி, குதிகால் முடிந்தபின் அவற்றைக் குறைத்துவிடுவது. இரண்டாவது சின்ன கஸெட்தான். அந்த அளவுக்குத் திருத்தம் தேவைப்படும் காலுக்கு நேராக மடல் குதிகாலுக்கே போய்விடலாம் என்பது என் கருத்து. ஷார்ட் ரோ குதிகால் தட்டையான பாதத்துக்கும் ஒல்லியான குதிகாலுக்கும் உரியது. அவர்களுக்கு மடல் குதிகாலைவிட இதுவே ஒட்டி உட்காரும்.

இதிலும் மூலை ஓட்டை வரும். முதல் பாதி முடிந்ததும், இரண்டாம் பாதி தொடங்குவதற்கு முன், புறங்கால் கண்ணிகளையும் சேர்த்து முழுதாக இரண்டு சுற்று பின்னினால் பெரும்பாலும் மறைந்துவிடும். கொஞ்சம் ஆழமும் கூடும்.

மூன்றாவது, ஆஃப்டர்தாட் குதிகால். முழுக் காலுறையையும் ஒரே குழாயாகப் பின்னிவிட்டு, குதிகாலைக் கடைசியில் செருகுவது. குதிகால் வரும் இடத்தில் 32 கண்ணிகளை வேறு நிறக் கழிவு நூலால் பின்னி, அதே கண்ணிகளை இடது ஊசிக்கு மாற்றி உங்கள் நூலால் மறுபடி பின்னிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். முடிந்தபின் கழிவு நூலை உருவினால் மேலும் கீழுமாக இரண்டு வரிசைக் கண்ணிகள் விடுபடும். மூலைக்கு இரண்டாகக் கூட்டி மொத்தம் 68 கண்ணிகள். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் 4 வீதம் 10 முறை குறைத்தால் 28. அதைப் பதினான்கு பதினான்காகப் பிரித்து, இரு ஊசிக் கண்ணிகளை முகடில்லாமல் சேர்க்கும் கிச்சனர் தையலால் இணைப்பது. உண்மையில் இது விரல் முனையை இன்னொரு இடத்தில் பின்னுவதுதான். முனை தெரிந்தவருக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

தானாகக் கோடு விழும் நூலுக்கு இதுவே சிறந்த வழி, ஏனென்றால் புறங்காலில் கோடுகள் தடைபடாமல் ஓடும். மற்றக் குதிகால்களில், முன்னும் பின்னுமாகப் பின்னிய வரிசைகளில் நூல் செலவாகிவிடுவதால் கோட்டின் தொடர்ச்சி உடையும். வேறு நிறத்தில் குதிகால் வைக்கவும், தேய்ந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கவும் முடியும். குறை, ஷார்ட் ரோவுக்கு உள்ள அதே ஆழக் குறைவுதான். போதாததற்குக் குதிகாலின் பின்புறம் தையல் கோடு வருகிறது. கிச்சனர் சரியாக அமைந்தால் அது காலில் தெரியாது. இறுக்கி இழுத்த தையல் என்றால் ஷூவுக்குள் ஒவ்வொரு அடியிலும் தெரியும்.

திசை

உயர்ந்த புறங்கால், அதனால் மடல் குதிகால் என்று முடிவானால், மேலிருந்து கீழே வருவது இயல்பு. மேலே சொன்ன எண்கள் எல்லாம் அந்தத் திசைக்கே. 64 போட்டு, இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப்பாக 4 அல்லது 5 செ.மீ., காலுக்கு மொத்தம் 15 செ.மீ., குதிகால், கஸெட், பாதம். காலுறையின் முழு நீளத்தில் 4.5 முதல் 5 செ.மீ. மீதமிருக்கும்போது முனைக் குறைப்பைத் தொடங்கலாம்.

இந்தத் திசையின் ஆபத்து முதல் வரிசையில் இருக்கிறது. காஸ்ட் ஆன், அதாவது ஊசியில் முதலில் கண்ணிகளைப் போடுவது, இறுகினால் காலுறை குதிகாலைத் தாண்டி ஏறாது. அதைக் கண்டுபிடிப்பது பல நாள் வேலைக்குப் பிறகு. பெரிய ஊசியில் காஸ்ட் ஆன் செய்யச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். அது கண்ணிகளின் உயரத்தைக் கூட்டுமே தவிர, அடியில் ஓடும் நூலின் நீளத்தைக் கூட்டாது. விளிம்பு விரிவது அந்த அடி நூலால். ஆகவே பின்னப்போகும் அதே ஊசியில், கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே ஒரு ஊசித் தடிமன் இடைவெளி விட்டுப் போடுங்கள். ஜெர்மன் முறுக்கு காஸ்ட் ஆன் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. ஒவ்வொரு கண்ணியின் அடியிலும் கூடுதலாகச் சிறிது நூல் சேர்வதால் அது ரிப்புடன் சேர்ந்து விரிந்து சுருங்கும்.

விரல் நுனியிலிருந்து மேலே போவதன் பெரிய லாபம், போட்டுப் பார்த்துக்கொண்டே பின்னலாம் என்பது. நீளத்தைக் கணக்கிட வேண்டியதில்லை, காலிலேயே பார்த்துக்கொள்ளலாம். நூல் குறைவாக இருந்தால் 100 கிராம் உருண்டையைச் சமையலறைத் தராசில் எடைபோட்டு இரண்டாகப் பிரித்து, நூல் தீரும்வரை காலை உயர்த்திக்கொண்டு போகலாம். மேலிருந்து வருபவருக்கு இந்த நிம்மதி இல்லை. முனையில் நூல் தீர்ந்தால் வேறு நிறம்தான் வழி.

தொடக்கத்துக்கு ஜூடி பெக்கரின் மேஜிக் காஸ்ட் ஆன் போதும். 2006இல் நிட்டி இணைய இதழில் வெளிவந்தது முதல் காலுறை பின்னுபவர்களிடம் பரவலாக நிலைத்துவிட்டது. இரண்டு ஊசிகளிலும் 12 வீதம் 24 போட்டு, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் 4 வீதம் 10 முறை கூட்டினால் 64. முனையில் தையலே இல்லை. ஆஃப்டர்தாட் குதிகாலென்றால் 22.5 செ.மீ. காலுறைக்கு 18 செ.மீ. வந்ததும் கழிவு நூலைப் போடலாம். ஷார்ட் ரோ குதிகாலும் ஏறக்குறைய அங்கேதான் தொடங்கும். கஸெட் உள்ள குதிகாலை மேல்நோக்கியும் பின்னலாம், ஆனால் அங்கே கஸெட்டின் கூட்டல்கள் குதிகாலுக்கு முன்பே வந்துவிட வேண்டும். முழு நீளத்தில் சுமார் 9 செ.மீ. குறைவாக இருக்கும்போது தொடங்கி, காலில் போட்டுச் சரிபார்க்க வேண்டும். தொடங்குமிடம் இரண்டு செ.மீ. பிசகினால் குதிகால் முழுதும் இடம் மாறிவிடும். முதல் ஜோடிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தத் திசையின் ஆபத்து கடைசி வரிசையில். சாதாரண பைண்ட் ஆஃப், அதாவது கண்ணிகளை மூடி முடிப்பது, விரியாது. அதுவரை செய்த வேலை எல்லாம் கணைக்காலில் சிவந்த வளையமாகப் பதியும். ஜெனி ஸ்டைமன் 2009இல் வெளியிட்ட விரியும் பைண்ட் ஆஃப் முறையில், ஒவ்வொரு கண்ணிக்கும் முன் ஒரு நூல்சுற்றுப் போட்டு, அதைக் கண்ணியின் மேலாகத் தூக்கிவிட்டு, பிறகு மூடுகிறோம். ரிப்புக்கு இது அருமை. போடாத நிலையில் விளிம்பு சற்று அலை அலையாக நிற்கும். காலில் ஏறியதும் சமமாகிவிடும். அலை பிடிக்காதவர்கள் தையல் ஊசியால் மூடும் முறைக்குப் போகலாம். நேரம் அதிகம், விளிம்பு தட்டை.

பழுது பார்க்கும் கோணம் ஒன்றும் உண்டு, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பின்னல் முடித்த முனையிலிருந்துதான் எளிதாக அவிழும். மேலிருந்து வந்த காலுறையின் விரல் பகுதி ஓட்டையானால் முனையை அவிழ்த்து, நல்ல கண்ணிகளை ஊசியில் ஏற்றி, புது முனை பின்னிவிடலாம். விரலில் தொடங்கிய காலுறையில் அது நடக்காது. ஓட்டைக்கு மேலே ஒரு சுற்றைக் கண்ணி கண்ணியாக ஊசியில் எடுத்து, கீழே உள்ளதை வெட்டி நீக்கிவிட்டுக் கீழ்நோக்கிப் பின்ன வேண்டும். முடியும், ஆனால் கத்தரிக்கோல் எடுக்கும் துணிவு வேண்டும். பெருவிரல் நகத்தால் காலுறைகளைத் துளைப்பவருக்கு இதுவே மேலிருந்து கீழ் வரப் போதுமான காரணம்.

விரல் முனை

ஆப்பு வடிவ முனையே பெரும்பாலோருக்குப் போதும். 64இலிருந்து ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் 4 வீதம் 32 வரை, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் 4 வீதம் 16 வரை. மொத்தம் 20 சுற்றுகள். விரல்கள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் நிற்கும் சதுரமான பாதமென்றால் 24 கண்ணி மிஞ்சும்போதே நிறுத்துங்கள். கூர்முனை சுண்டுவிரலை உள்ளே தள்ளும்.

கிச்சனர் தையலைக் கண்டு அஞ்சுபவர்கள் அதிகம். நான்கே அசைவுகள் அது: முன் ஊசியில் நிட் போல் நுழைந்து கழற்று, அடுத்ததில் பர்ல் போல் நுழைந்து ஊசியிலேயே விட்டுவை, பின் ஊசியில் பர்ல் போல் நுழைந்து கழற்று, அடுத்ததில் நிட் போல் நுழைந்து ஊசியிலேயே விட்டுவை. தொடக்கத்தில் மட்டும் முன்னால் பர்ல், பின்னால் நிட் என ஒருமுறை நூலை விட்டுக்கொள்ள வேண்டும். நூலை அப்போதே இறுக்காமல் தளர்வாக ஓடவிட்டு, கடைசியில் ஊசி முனையால் ஒவ்வொரு கண்ணியாகச் சமப்படுத்துங்கள். அப்படியும் வேண்டாமென்றால் 8 கண்ணிகள் வரை குறைத்து, நூலை அவற்றினூடே இழுத்து முடிச்சிடும் வட்ட முனை இருக்கிறது. இரு ஊசிக் கண்ணிகளையும் சேர்த்து பைண்ட் ஆஃப் செய்வதை மட்டும் தவிருங்கள். அந்த முகடு விரல் நகங்களுக்கு மேலே நேராக வந்து அழுத்தும்.

நூல்

75 சதவீதம் சூப்பர்வாஷ் (இயந்திரத்தில் துவைக்கத்தக்க) கம்பளி, 25 சதவீதம் நைலான், 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 மீட்டர்: காலுறை நூலின் பொது அளவு இது. 64 கண்ணி ஜோடி ஒன்றுக்கு 70 கிராம் அளவு போகும். பெரிய பாதத்துக்கும் நீண்ட காலுக்கும் முழு 100 கிராமும். நைலான் இல்லாத மென்மையான மெரினோ கையில் எடுத்தால் மயக்கும், குதிகாலில் விரைவில் இழை இழையாகும். தொட்டுப் பார்த்த மென்மையைவிட முறுக்கைப் பாருங்கள். மூன்று நான்கு இழைகள் இறுக முறுக்கிய நூல் உரசலைத் தாங்கும். ஒற்றை இழையில் தளர்வாக முறுக்கியது, எவ்வளவு அழகான நிறமானாலும், கழுத்துத் துண்டுக்கே.

பருத்தி பற்றிக் கேள்வி வரும். கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கியும் ஈரமாகத் தெரியாது, இழுத்தால் திரும்பவும் சுருங்கும். பருத்தி வியர்வையை வாங்கி வைத்துக்கொள்ளும், விரிந்தால் விரிந்தபடியே நிற்கும். வெறும் பருத்தியில் பின்னிய காலுறை மதியத்துக்குள் கணுக்காலில் இறங்கிவிடும். கம்பளி தோலுக்கு ஒவ்வாதவர்கள் பருத்தியுடன் எலாஸ்டேன் கலந்த காலுறை நூலைத் தேட வேண்டும். அதில் பின்னும்போது நூலை இழுத்துப் பிடிக்காமல் பின்னுவது முக்கியம். இழுத்தபடி பின்னினால் ஊசியிலிருந்து எடுத்ததும் துணி சுருங்கி அளவு தப்பும்.

தடித்த டி.கே. நூலில் 3 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 26 கண்ணி என்று பின்னினால் 52 கண்ணிகளிலேயே காலுறை முடிந்துவிடும். வேலை வேகம், கண்ணிகள் பெரிதாகத் தெரியும், பிழை உடனே கண்ணில் படும். வீட்டில் போடவும் பூட்ஸுக்குள் போடவும் நல்லது. சாதாரண ஷூவுக்குள் அது கொள்ளாது.

நூல் உறையில் அச்சிட்ட கேஜை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் ஸ்வெட்டருக்குப் பொருந்தும் அளவு. உறையில் 28 கண்ணி, 3 மி.மீ. என்றிருந்தால் காலுறைக்கு 2.25 அல்லது 2.5 மி.மீ. ஊசியில் 32 வரும்படி இறுக்கிப் பின்னுங்கள். தளர்ந்த துணியில் உட்புறப் பர்ல் முடிச்சுகள் புடைத்து உள்ளங்காலில் ஒவ்வொன்றாகத் தெரியும். துணிக்குள் நூல் அசைந்துகொண்டே இருப்பதால் தேய்வதும் சீக்கிரம். கையால் இழுத்தால் விரிய வேண்டும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டை தெரியக்கூடாது. மாதிரித் துண்டைச் சுற்றாகவே பின்னிப் பாருங்கள், துவைத்துக் காயவைத்த பிறகு அளவெடுங்கள். சூப்பர்வாஷ் நூல் துவைத்ததும் தளர்ந்து நீளும்.

இரு நிற வடிவம் போடுவதானால் இன்னொரு கணக்கு. பின்னால் ஓடும் நூல் விரியாது என்பதால், வெறும் நிட் துணியில் குறுக்குச் சுற்றைத் தாண்டிய 64 கண்ணி இங்கே தாண்டாது. 72க்குப் போங்கள், அல்லது வடிவம் வரும் பகுதிக்கு மட்டும் ஊசியை ஒரு அளவு ஏற்றுங்கள்.

ஊசி

இதில் நீண்ட வாதம் தேவையில்லை. வசதிக்கு எது ஒத்துவருகிறதோ அது. இருமுனை ஊசிகள் ஐந்தைக் கொண்டு பின்னுவது பழைய முறை. மூலைகள் பிரிந்திருப்பதால் மடல், கஸெட் எங்கே என்பது ஊசியிலேயே தெளிவாகத் தெரியும். ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே ஏணிபோல் தளர்ந்த கோடு விழுவது இதன் குறை. புது ஊசியின் முதல் கண்ணியை இறுக்குவதைவிட இரண்டாவதைப் பின்னியபின் இழுத்தால் ஏணி மறையும். நீண்ட கேபிளை வளையமாக வெளியே இழுத்துப் பின்னும் மேஜிக் லூப்புக்கு 80 முதல் 100 செ.மீ. வட்ட ஊசி ஒன்று போதும், இரண்டு காலுறைகளையும் ஒரே நேரத்தில் பின்னலாம். ஒன்றோடு நின்றுபோகும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுவே மருந்து. கேபிள் விறைப்பாக இருந்தால் மட்டும் கை வலிக்கும்.

23 செ.மீ. குட்டி வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றி நிற்காமல் போகலாம், ஆனால் முனைக்கு வந்ததும் கண்ணிகள் சுற்றைச் சுற்றி எட்டாது, வேறு ஊசிக்கு மாற வேண்டும். பிடி குட்டையானதால் பெரிய கைகளுக்கு விரல் மரத்துப்போகும். எதை எடுத்தாலும் ஜோடி முடியும்வரை மாற்றாதீர்கள். ஒரே ஆளின் கையில்கூட எஃகு ஊசியிலும் மூங்கில் ஊசியிலும் கேஜ் வேறுபடும். இடது காலுறை வலதைவிட நீளமாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எந்தக் காலுக்கு எது

உயர்ந்த புறங்கால், அல்லது யார் காலுக்கு என்று அளவெடுக்க வழியில்லாத பரிசுக் காலுறை: மேலிருந்து கீழ், மடலும் கஸெட்டும். முதல் ஜோடியும் இதுவாகவே இருக்கட்டும். பிழை எங்கே நடந்தது என்று எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும். தட்டையான பாதம், ஒல்லிக் குதிகால், நூல் அளவாகத்தான் இருக்கிறது: விரலிலிருந்து மேலே, ஷார்ட் ரோ. தானாகக் கோடு விழும் நூல், நடுத்தரப் புறங்கால், குதிகாலை அடிக்கடி தேய்ப்பவர்: ஆஃப்டர்தாட், எந்தத் திசையானாலும் சரி. உயர்ந்த புறங்காலும் கோட்டு நூலும் சேர்ந்து வந்தால் கோட்டை விட்டுக்கொடுங்கள், ஆழத்தை விடாதீர்கள்.

முதல் காலுறையைப் பின்னும்போதே ரிப், கால், மடல், பாதம் ஒவ்வொன்றுக்கும் சுற்றுகளை எண்ணி எழுதி வைத்துக்கொண்டு, இரண்டாவதை அந்த எண்ணிக்கைக்கே பின்னுங்கள். அளவுநாடாவை நம்பிப் பின்னிய ஜோடி அரை செ.மீ.யாவது வேறுபடும். முடித்ததும் அதே நூலில் 5 அல்லது 6 மீட்டரை அட்டையில் சுற்றி எடுத்து வையுங்கள். குதிகாலோ முனையோ மெலியத் தொடங்கும்போது, ஓட்டை விழும்வரை காத்திராமல், கண்ணிகளின் தடத்திலேயே அந்த நூலை ஊசியால் மறுபடி ஓட்ட அது போதும்.